ஜீப்பை விட்டு ஐம்பதடி தள்ளி

போன ஞாயிற்றுக்கிழமை ரிவர்ஸ்டனில், பனி விலகுவதும் மூடுவதுமாக இருந்த ஒரு பத்து மணிக்கு, என் மருமகன் எங்கள் வான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று கைத்தொலைபேசியைக் காற்றில் ஆட்டிக்கொண்டிருந்தார். அதிலிருக்கும் வரைபடம் திசையைத் தலைகீழாகக் காட்டுகிறதாம். கம்பஸ் சரியாக வேண்டுமென்றால் என்னை ஆட்டு என்று அது கேட்கிறதாம். நாலு தடவை ஆட்டியும் சரிவரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "தம்பி, வாகனத்துக்குப் பக்கத்தில நிண்டு ஆட்டினால் சரிவராது. அது முழுக்க இரும்பு. ஒரு ஐம்பதடி தள்ளி அந்தப் புல்லுக்குப் போங்கோ" என்றேன். அவர் போனார். ஒரே தடவையில் சரியாகிவிட்டது.

திரும்பி வந்து, "மாமி, உங்களுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று சிரித்தார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வளைவுப் பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மகள் தேசிக்காயை நீட்டினாள். வாங்கி முகர்ந்தேன். பாதையில் ஒரு குறையும் இல்லை. அதே வார்த்தைகளை, ஏறக்குறைய அதே இடத்தில், உங்களுக்கும் சொன்னவள் நான். நீங்களும் நான் சொன்னதைக் கேட்டுப் போனீர்கள்.

அன்று அந்தப் புல்லில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒரு பையன் மலை உச்சியில் இருக்கிற ஒலிபரப்புக் கோபுரத்தைப் பார்த்தபடி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிப் படம் பிடித்தான். காவலுக்கு இருந்த ஆள், எங்கே நின்றால் காட்சி நன்றாக விழும் என்று அவனுக்குக் கை காட்டிக்கொடுத்தார். யாரும் யாரையும் அடையாள அட்டை கேட்கவில்லை. நல்ல விசயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நல்லதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

இதை எழுத இன்றுதான் உட்கார்ந்தேன். இடையில் புதன்கிழமை உங்கள் வீட்டுக்கும் போய் வந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் பெயரை இதில் எழுத மாட்டேன். ஒரு தடவை அதை நான் கடதாசியில் எழுதியதே போதும்.

நமக்குள் பெரிய நட்பு இருந்ததாக நான் பூசி மெழுகப் போவதில்லை. நான் வடக்கிலிருந்து வந்து மாத்தளையில் கலியாணம் கட்டி, அரசாங்கக் கந்தோரில் வரைபடப் பகுதித் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவள். நீங்கள் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, ஒப்பந்தத்தில் வெளிக்கள உதவியாளராக வந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே வயது. நீங்கள் என்னை "மிஸ்" என்றீர்கள். நான் உங்களை "நீங்கள்" என்றேன். மற்றவர்கள் உங்களை "அடே" என்று கூப்பிட்ட கந்தோரில் அதுவே பெரிய மரியாதை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது சீ என்று வருகிறது.

காட்டு எல்லை குறிக்கும் வேலை நம்முடையது. லக்கலப் பக்கம், காடு முடிந்து சேனைப் பயிர்நிலம் தொடங்கும் இடங்களில் கல் நட வேண்டும். அதற்காகக் கையில் பிடிக்கிற ஜீ.பீ.எஸ். கருவிகள் ஆறு வந்திறங்கின. நீங்களெல்லாம் அதைப் "பெட்டி" என்றீர்கள். திறந்த வெட்டையில் நின்றால், நிற்கிற இடம் எதுவென்று பெட்டி சொல்லிவிடும். மரம் அடர்ந்த பள்ளத்துக்குள் வானத்துச் செய்மதி பிடிக்காது. அப்போது வெளியே வெட்டையில் நின்று, பெட்டிக்குள் இருக்கிற கம்பஸில் திசை பார்த்து, அந்தத் திசைக்கு நாடா பிடித்து உள்ளே அளந்து போக வேண்டும். கம்பஸ் பிழை என்றால் கல்லும் பிழை.

அந்தக் கம்பஸுக்கு ஒரு குணம் இருந்தது. பற்றரி மாற்றினால் தன் வடக்கை மறந்துவிடும். மறுபடி பழக்க வேண்டும். பெட்டியைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்தில் நிதானமாக இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். அவசரப்பட்டாலும் முறைக்கும், ஆறுதலாகச் சுற்றினாலும் முறைக்கும். "இது எங்க தோட்டத்துக் கணக்கப்பிள்ள மாதிரி மிஸ், எப்பிடி நடந்தாலும் குத்தம்" என்பீர்கள்.

இந்தச் சுற்றுகிற வேலையை எங்கள் தலைமை உத்தியோகத்தர் ஒரு சடங்காகவே ஆக்கியிருந்தார். பெரியவர் என்றுதான் அவரை எல்லோரும் சொல்வோம். அவரும் வடக்கு ஆள். காலை எட்டு மணிக்கு ஆறு பேரும் கந்தோர் முற்றத்தில் ஜீப்புக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று சுற்ற வேண்டும். அவர் விறாந்தையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று பார்த்துவிட்டுப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைப்பார். வெளியில் பற்றரி மாற்றினாலும், ஜீப்புக்குப் பக்கத்தில், சாரதியின் கண் முன்னால்தான் சுற்ற வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் யாராவது ஓடிவிடுவீர்களாம். "நாங்க சுத்துறத பாத்தாத்தான் பெரியவருக்கு டீ எறங்கும் மிஸ்" என்று நீங்கள் சொல்ல நான் சிரித்திருக்கிறேன். அந்த விதியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் எழுதி, அடியில் என் சுருக்கொப்பம் வைத்து, ஒவ்வொரு ஜீப்பிலும் ஒட்டியவளும் நான்தான்.

பிழை முதலில் வெளித்தெரிந்தது லக்கலவில். ஒரு விவசாயியின் கிணறு நமது வரைபடத்தில் காட்டுக்குள் போயிருந்தது. அந்த மனிதர் தன் கிணற்றடியில் நின்று, "அப்ப நான் இத்தன வருசமா காட்டுக்குள்ளயா குளிச்சேன்?" என்று சிங்களத்தில் கேட்டார். பெரியவரிடம் சொன்னேன். "செய்மதி பொய் சொல்லுமோ? அந்தாள் கள்ளமாக் காடு வெட்டியிருப்பான்" என்று ஃபைலை மூடிவிட்டார். நானும் சரி என்று வந்துவிட்டேன். நீங்கள் விடவில்லை. "கெணறு எங்கயும் நடந்து போவாது மிஸ். பொட்டியிலதான் என்னமோ இருக்கு" என்று பிடித்த பிடியில் நின்றீர்கள்.

பலாபத்வலவில் அந்த விளையாட்டுத் திடல் ஞாபகமிருக்கிறதா என்று உங்களைக் கேட்கத் தோன்றுகிறது. லக்கலவுக்குப் போகாத ஒரு நாள், கந்தோருக்குத் தெரியாமல் அங்கே போனோம். இரண்டு முனையிலும் இரண்டு முளை அடித்தீர்கள். இங்கேயிருந்து அங்கே பார்த்த திசையும், அங்கே போய்த் திரும்பி நின்று இங்கே பார்த்த திசையும் நூற்றெண்பது பாகை வித்தியாசப்பட வேண்டும். உங்கள் பெட்டியில் நூற்றைம்பதுதான் வந்தது. புதுப் பற்றரி போட்டு, விதிப்படி ஜீப்பருகே சுற்றிப் பார்த்தோம், அதேதான். உண்மை வடக்கா காந்த வடக்கா என்று அமைப்பில் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. இடுப்புக் கத்தியைக் கழற்றி மரத்தடியில் வைத்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "மிஸ், கோவிச்சுக்காதீங்க, அந்தக் கொடைய கீழ வைங்க. கம்பியெல்லாம் இரும்பு" என்றீர்கள். வைத்தேன். அப்போதும் சரிவரவில்லை.

கடைசியில் நீங்கள் பெட்டியைப் பார்க்காமல் ஜீப்பைப் பார்த்தீர்கள். பிறகு திடலின் நட்ட நடுவுக்கு நடந்துபோய், தனியாக நின்று, நிதானமாக இரண்டு சுற்றுச் சுற்றினீர்கள். திரும்ப அளந்தோம். ஒன்றிரண்டு பாகைக்குள் வந்துவிட்டது. "காலையில ஜீப்புக்கிட்ட நின்னு பழகிக்கிட்டு, இது ஜீப்பத்தான் வடக்குன்னு நெனச்சிக்கிட்டு இருந்திருக்கு மிஸ்!" என்று வாய்விட்டுச் சிரித்தீர்கள். எனக்கு உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. மூன்று மாதமாக ஆறு பெட்டிகளும் பிழையான பாடத்தைப் படித்திருக்கின்றன, அதைப் படிப்பிக்கச் சொன்ன விதியில் என் ஒப்பம் இருக்கிறது என்பது அந்தச் சந்தோசத்தில் எனக்கு உறைக்கவில்லை.

"நாளையிலயிருந்து ஜீப்பை விட்டு ஐம்பதடி தள்ளி நிண்டு சுத்துங்கோ. நான் பேப்பரை மாத்திறன்" என்றேன்.

நீங்கள் உடனே தலையாட்டவில்லை. "மொதல்ல பேப்பர் மாறட்டும் மிஸ். இல்லாட்டி ஏதாச்சும்னா பெரியவர் என் தலையில கட்டிட்டுப் போயிருவாரு" என்றீர்கள்.

"நான் சொல்லுறன்தானே. நான் பொறுப்பு."

இப்படித்தான் சொன்னேன். சாரதி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பேப்பரை நான் மாற்றவில்லை. புதிய விதியைத் தட்டச்சு செய்து இரண்டு தடவை பெரியவரின் அறை வாசல் வரை கொண்டுபோனேன். ஒரு தடவை அவர் தொலைபேசியில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார், திரும்பிவிட்டேன். மற்றத் தடவை நல்ல மனநிலையில் இருந்தார், அதைக் கெடுப்பானேன் என்று திரும்பிவிட்டேன். ஏசினாலும் போக மாட்டேன், சிரித்தாலும் போக மாட்டேன் என்றால் பிறகு எப்போதுதான் போவேன்? வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கடத்தினேன். காலையில் அவர் முன்னால் நீங்கள் ஆறு பேரும் ஜீப்பருகே ஒரு பொய்ச் சுற்றுச் சுற்றுவீர்கள். வழியில் எங்காவது இறங்கி உண்மையான சுற்றைச் சுற்றுவீர்கள். வேலை ஒழுங்காக நடந்தது. ஒழுங்காக நடக்கிறதே, இனி எதற்குப் போய் வாயைக் கொடுப்பது என்று இருந்துவிட்டேன்.

பிறகு அந்த ஐப்பசி வந்தது. வடக்கில் சண்டை இறுகிக்கொண்டு போன வருடம். கோபுரம் இருக்கிற இடமெல்லாம் காவல், பாலம் இருக்கிற இடமெல்லாம் காவல். லக்கலவுக்குப் போகிற வழியில், ரிவர்ஸ்டன் ஏற்றத்தில், உங்கள் பெட்டியில் பற்றரி தீர்ந்தது. ஜீப்பை நிறுத்திப் புதியது போட்டீர்கள். போட்டுவிட்டு என் யன்னலுக்கு வந்தீர்கள். நாடியை உயர்த்தி மேலே கோபுரத்தைக் காட்டி, "இன்னிக்கு இங்கயே, ஜீப்புக்கிட்டயே சுத்திக்கவா மிஸ்? அந்தப் பக்கம் ஆமிக்காரங்க இருக்காங்க" என்று கேட்டீர்கள்.

நீங்கள் கேட்டீர்கள். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. நீங்கள் கேட்டீர்கள், நான் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "இங்க நிண்டு சுத்தினால் இண்டைக்கு முழுக்கப் பிழையாத்தான் வரும். தள்ளிப் போங்கோ" என்றேன்.

நீங்கள் புல்லுக்குப் போனீர்கள். பெட்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றத் தொடங்கினீர்கள். பனிக்குள் ஒரு ஆள், கையில் ஏதோ கருவி, கோபுரத்தைப் பார்த்து நின்று, அப்படியே நாலு திசையும் திரும்புகிறார். மேலேயிருந்து பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது சொல்ல முடிகிறது. இரண்டாவது சுற்று முடிவதற்கு முன்பே மூன்று பேர் துப்பாக்கியோடு ஓடிவந்தார்கள். பெட்டியைப் பறித்தார்கள். உங்களை முழங்காலில் இருத்தினார்கள். அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம் இருந்ததைப் பார்த்து ஒருவன் மற்றவனுக்குக் காட்டினான்.

சாரதிதான் முதலில் ஓடினார், நான் இல்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு, அதுவும் குடையை எடுத்துக்கொண்டு, பின்னால் போனேன். "இவனைச் சுற்றச் சொன்னது யார்?" என்று அவர்களில் மூத்தவன் சிங்களத்தில் கேட்டான். "இது கந்தோர் வேலை" என்றேன். சாரதி என் பக்கம் கை நீட்டி, "இந்த மிஸ்தான் சொன்னாங்க. என் காதால கேட்டேன்" என்றார். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீங்கள் முழங்காலில் இருந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் உங்களைக் கொண்டுபோய் ஒப்படைத்த பொலிஸ் நிலையத்துப் பொறுப்பதிகாரி மோசமான மனிதர் இல்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, சுற்றினால்தான் சரியாகும் என்றால் எனக்குச் சுற்றிக் காட்டு" என்று உங்களிடமே கொடுத்தார். இரும்பு அலுமாரிக்கும் வானொலிக் கருவிக்கும் நடுவே நின்று சுற்றினீர்கள். சரிவரவில்லை என்று பெட்டி எழுத்தில் காட்டியது. மறுபடி சுற்றினீர்கள். மறுபடியும் அதேதான். "இங்க சரிவராது சேர். வெளிய, வெட்டைக்குப் போவணும்" என்றீர்கள். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். பிடிபட்ட ஆள் வெளியே வெட்டைக்குப் போக வேண்டுமென்கிறானாம்! நீங்கள் சொன்னது முற்றிலும் சரி என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். வாங்குப் பலகையில் குந்திக்கொண்டு என் கைப்பைப் பட்டியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி என்னிடம் தெளிவாகச் சொன்னார். கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். இந்த ஆள் உங்களுடைய ஆள் என்று ஒரு வரி. அந்த இடத்தில் போய்ச் சுற்றும்படி நாங்கள்தான் சொன்னோம் என்று இன்னொரு வரி. "இந்த இரண்டும் இருந்தால் பின்னேரத்துக்குள் அனுப்பிவிடுவேன். இல்லையென்றால் நான் மேலே அனுப்ப வேண்டும். மேலே போனால் என் கையில் இல்லை." இரண்டு வரிதான் கேட்டார். உங்கள் உயிர் அந்த இரண்டாவது வரியில் இருந்தது, அதை எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான்.

கந்தோரில் பெரியவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "அவனைத் தள்ளிப் போய்ச் சுத்தச் சொல்லி நீர் சொன்னனீரோ?"

"ஓம் சேர்."

"எழுத்தில இருக்கோ?"

"இல்லை."

"எழுத்தில இல்லாட்டில் நீர் சொல்லேல்லை." நெற்றியில் திருநீறோடு, அமைதியாக, புத்தி சொல்வதுபோல் சொன்னார். "நான் சொன்னனான் எண்டு நீர் எழுதிக் குடுத்தால் நாளைக்கு உம்மைக் கூப்பிடுவாங்கள். பிறகு என்னைக் கூப்பிடுவாங்கள். வடக்கில பிறந்த ரெண்டு பேர் ஒரு ஆளை அனுப்பிக் கோபுரத்தை அளந்தவை எண்டு வரும். உமக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு. அவங்கள் தோட்டத்து ஆக்கள், அவங்களுக்கு உதெல்லாம் பழக்கம். ஒரு கிழமையில விட்டுடுவாங்கள்."

அவங்களுக்கு உதெல்லாம் பழக்கம். அவர் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். நான் பேனையை எடுத்தேன்.

கடிதம் சிங்களத்தில் மூன்று வசனம். கந்தோரில் எல்லோரையும்விட நான் அழகாகச் சிங்களம் எழுதுவேன் என்று பெயர். இவர் எமது ஒப்பந்த ஊழியர். வாகனத்துக்கு அருகில் நின்றே கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்பது எமது எழுத்துமூல விதி, பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இவர் அன்றைய தினம் வாகனத்தை விட்டு விலகிச் சென்றது அந்த விதிக்கு அமைவானது அல்ல. முதல் வசனத்தில் உங்கள் முழுப் பெயர், கடைசியில் என் முழுக் கையெழுத்து. இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் அதில் ஒரு பொய் கிடையாது. அதனால்தான் அந்தக் கடிதம் பொய்யைவிட எனக்கு நாறுகிறது.

சாரதிதான் அதைக் கொண்டுபோனார். உறை ஒட்டியிருந்தபடியால் நல்ல கடிதம் என்று நினைத்து வேகமாக ஓட்டிப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அவர் என்னோடு பேசியது வண்டி எத்தனை மணிக்கு என்பது மட்டும்தான்.

ஒரு கிழமை என்றார் பெரியவர். ஐப்பசியில் போன நீங்கள் மாசியில் வந்தீர்கள். இடையில் உங்கள் மனைவி இரண்டு தடவை கந்தோர் முற்றத்தில் வந்து நின்றார். பெரியவர் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லச் சொன்னார். நான் மேல்மாடி யன்னலால் பார்த்தேன். கண்டும் காணாமல் இருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது; நன்றாகப் பார்த்தேன். இரண்டாம் தடவை அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்கச் சொல்லிக் கீழே ஆள் அனுப்பினேன். அவர் குடிக்காமல் போய்விட்டார் என்று வந்து சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபம்! இப்படிப்பட்ட ஒருத்தியாகத்தான் நான் அந்த மாதங்களில் இருந்தேன்.

அந்த ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் ஆறு பெட்டிகளும் பழையபடி ஜீப்புக்குப் பக்கத்தில் சுற்றின. தள்ளிப் போக ஒருவருக்கும் துணிவில்லை. கல்லெல்லாம் கோணலாக நடப்பட்டன. கிணற்றுக்காரர் காட்டுக்குள் குளிக்கிறவராகவே ஆனார். பெரியவர் பதிவுப் புத்தகத்தில் நாள் தவறாமல் கையெழுத்து வைத்தார். திட்டம் நல்லபடி முடிந்ததற்கு அவருக்கு மாலை போட்டார்கள். நானும் கை தட்டினேன்.

மாசியில் ஒரு நாள் கந்தோர் மழைக்கோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தீர்கள். மடித்து, கயிறு கட்டிக் கொண்டுவந்திருந்தீர்கள். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று கீழே சொல்லிவிட்டார்கள். மேலே என் மேசைக்கு வந்தீர்கள். நன்றாக மெலிந்து, இடது காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டீர்கள். மற்றக் காதுக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கடிதத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று உங்கள் முகத்தில் தேடினேன்.

நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தப் பேப்பர மாத்திட்டீங்களா மிஸ்?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஓம், அது அப்பவே மாத்தியாச்சு" என்றேன்.

"அப்ப சரி மிஸ்" என்றீர்கள். போய்விட்டீர்கள். இவருக்குக் கடிதம் தெரியாது, அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அன்று பகல் கொண்டுபோன சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

பிறகு நீங்கள் பலாபத்வலவில் ஒரு கடையில் மிளகு மூட்டை தூக்குவதாகக் கேள்விப்பட்டேன். அந்த வழியாக நூறு தடவை பஸ்ஸில் போயிருப்பேன். கடை வரும்போது மற்றப் பக்க யன்னலைப் பார்ப்பேன். போன வருடம் மாத்தளை பஸ் நிலையத்தில் அந்தச் சாரதியைக் கண்டேன். அவர்தான், நீங்கள் நெஞ்சு வலியில் போய் நாலு மாதம் ஆயிற்று என்றார். "உங்களுக்குச் சொல்லணும்னு எங்க யாருக்கும் தோணல்ல மிஸ்" என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை.

இந்தப் புதன்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் குமட்டல் புதன் வரைக்கும் அடங்கவில்லை. உங்கள் மனைவி தோட்டத்து லய வீட்டுக்கு முன்னால் சாக்கு விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டார், வாங்க என்றார், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். "உங்கட அவரைத் தள்ளிப் போய்ச் சுத்தச் சொன்னது நான்தான். அவர் விதிக்கு மாறாப் போனவர் எண்டு பொலிசுக்குக் கடிதம் எழுதினதும் நான்தான். அது அவருக்குத் தெரியாது."

அவர் மிளகைத் துழாவிக்கொண்டே, "தெரியுமே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அன்னிக்குப் பொழுது சாயவே அவர் கையில குடுத்து வாசிக்கச் சொல்லிட்டாங்க. அவருக்குத்தான் சிங்களம் நல்லா வாசிக்கத் தெரியுமே. கீழ ஒங்க கையெழுத்து இருந்துச்சின்னு சொன்னாரு. ஒரு தப்பில்லாம எழுதியிருந்தாங்கன்னும் சொன்னாரு."

"அப்ப ஏன் மாசியில கந்தோருக்கு வந்து, அதைப் பற்றி ஒண்டும் கேக்காமல், பேப்பரை மாத்தியாச்சோ எண்டு மட்டும் கேட்டவர்?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்னா சொல்றீங்கன்னு பாக்கத்தான் வந்தாரு. பேப்பர் மாறலன்னு வரும்போதே கீழ இருந்த ஜீப்புல பாத்துட்டாரு. நான் போவாதீங்கன்னேன். 'இல்ல, அந்த மிஸ் பயந்துதான் எழுதியிருப்பாங்க. மாத்தலன்னு ஒரு வார்த்த உள்ளத சொல்லிட்டாங்கன்னா நான் எல்லாத்தையும் விட்டுருவேன்'னு சொல்லிட்டுத்தான் கெளம்புனாரு. வந்து, 'மாத்திட்டாங்களாம்'னாரு. அவ்வளவுதான். சோறு போட்டு வச்சேன். திங்கல்ல. எந்திரிச்சிப் போய்ப் படுத்துட்டாரு."

பக்கத்து வீட்டுக் கோழி மிளகுக்கு வந்தது. அவர் அதை விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். வெறுந் தேத்தண்ணி கொண்டுவந்து, நக்கிக்கொண்டு குடிக்கக் கையில் சீனி வைத்தார். பிறகு, இனி அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்கிற குரலில், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறவர்போல் கேட்டார்: "அப்பறமாச்சும் மாத்துனீங்களா?"

"இல்லை" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மிளகைத் துழாவத் தொடங்கினார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். புறப்படும்போது போயிட்டு வாங்க என்று அவர் சொல்லவில்லை, நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

பெரியவரை வெறுத்துத்தான் இத்தனை வருடமும் நான் காலம் கழித்தேன். அது லேசாக இருந்தது. இனி அந்த வசதியும் இல்லை. கடிதத்தை எழுத அவர் சொன்னார், அது உண்மை. ஆனால் மாசியில் என் மேசைக்கு முன்னால் நீங்கள் நின்றபோது அவர் அங்கே இல்லை. கதவு திறந்திருந்தது. யாரும் என்னைப் பயமுறுத்தவில்லை. நான்கு மாதத்தையும் ஒரு காதையும் கொடுத்துவிட்டு வந்த மனிதர், எல்லாவற்றையும் விட்டுவிடத் தயாராக, என்னிடம் ஒரே ஒரு சொல்லைக் கேட்டு வந்திருந்தார். இனிச் சாகும் வரைக்கும் நான் தூக்கிக்கொண்டு திரியப்போவது அதைத்தான். கடிதத்தை அல்ல. அன்றைக்கு நான் "இல்லை" என்று சொல்லியிருந்தால், வீட்டுக்குப் போய் நீங்கள் சோறு சாப்பிட்டிருப்பீர்கள்.